தேரன்று இறைத்த தண்ணீர்

வேலணைத் தீவில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுந்தெருவின் எல்லா வீடுகளுக்கும், நல்ல தண்ணீர் தந்தது விதானையார் வளவுக் கிணறு ஒன்றுதான். மற்றக் கிணறுகள் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் மாட்டுக்கு வைக்கவும் உதவும். சோறு காய்ச்சவும் தேநீர் வைக்கவும் எல்லாரும் குடத்தோடு அங்கேதான் போவார்கள். ஊர்த்தலைமையான விதானைப் பதவியை அரசாங்கம் எடுத்து வெகுகாலமாகியும் ஆழ்வாப்பிள்ளை எங்களுக்கு விதானையாராகவே இருந்தார். அவருடைய பாட்டனார், நாங்கள் பேரனார் என்போம், வெட்டுவித்த கிணறு அது. அந்தக் குடும்பத்தில் குடிக்க வந்தவருக்குத் தண்ணீர் இல்லையென்று சொன்னவர் கிடையாது. அதை முதலிலேயே சொல்லி வைப்பது நியாயம்.

தீவில் நல்ல தண்ணீர் என்பது மழை விட்டுப்போனது. அது கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் பாலாடை போலப் படர்ந்திருக்கும். வாளியால் அள்ளி அள்ளிக் குடிக்கலாம். ஊற விட்டுப் பிறகும் அள்ளலாம். மெசின் வைத்து உறிஞ்சினால் அடியில் கிடப்பது மேலே வந்துவிடும். அதனால் சித்திரை பிறந்தால் அந்தக் கிணற்றில் மெசின் வைப்பதில்லை என்பது ஒழுங்கையின் கட்டு. கட்டை வைத்தவரும் காத்தவரும் விதானையார். புகையிலை வைத்த காலத்து இறைப்பு மெசின் அவருடைய கொட்டிலிலேயே சாக்கு மூடிக் கிடந்தது.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது அவருடைய மகன் கைலாசபதியும் மருமகள் விமலாம்பிகையும் வெள்ளவத்தை வீட்டை விட்டு, கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் ஒரு பை இருந்தது. கைலாசபதிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்தது. காலையில் பஸ்ஸுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். விமலாம்பிகைக்கு அந்தப் பெரிய வீட்டில் மாமனாரைத் தவிர வேறு ஆளில்லை. மாமியார் முன்னமே காலமாகிவிட்டார். பிள்ளைகளும் இல்லை.

அவள் சமையல் குசினிக்குப் பின்னால் தோட்டம் கொத்தத் தொடங்கினாள்.

அடுத்த ஆண்டுக் கோடை எங்கள் ஊரில் யாரும் சும்மா இருக்காத கோடை. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குப் படித்த படிப்பும் கையில் நேரமும் இருந்தன. சனசமூக நிலையம் நிரம்பிவிட்டது. பின்னேரங்களில் கரப்பந்து. பெண்களுக்குத் தையல் வகுப்பு. தக்காளியில் ஜாம் காய்ச்சிக் காட்டினார்கள். பாதி ஊர் நாடகம் பழகியது, மீதி ஊர் அதைப் பார்த்துச் சிரித்தது. மாதர் சங்கம் வீட்டுத்தோட்டப் போட்டி ஒன்றை அறிவித்தது. ஆடி பிறக்குமுன் மத்தியஸ்தர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள் என்றார்கள்.

விமலாம்பிகையின் தோட்டம் அதற்கு முன்னமே பேச்சாகியிருந்தது. கத்தரியும் வெண்டியும் வரிசையாய் நின்றன. புடலங்காய் நுனியில் கல் கட்டித் தொங்கின. பயற்றங்கொடி வேலியைப் பிடித்து அப்பால் பரிமளம் வீட்டை எட்டிப் பார்த்தது. உவர் மண்ணில் இது எப்படி என்று கேட்டவர்களுக்கு, அவள் மேரிஜோசப்பினைக் காட்டுவாள்.

மேரிஜோசப்பின் மண்டைதீவுப் பெண். விதானையாரின் பனங்காணி மூலையில் கொட்டில் போட்டுக் குடியிருந்தாள். புருஷன் கடலுக்குப் போவான். அவள் சாட்டிக் கடற்கரையில் மீன் வாங்கி ஊருக்குள் விற்பாள். கரையில் ஒதுங்கும் சாதாளை என்ற கடற்புல்லைப் பனையோலைக் கடகத்தில் அள்ளிவந்து, உப்புப் போக மழையில் கிடந்து உக்கியதாய்ப் பார்த்து, விமலாம்பிகையின் பாத்திகளில் தாட்டவள் அவள்தான்.

"இதைப் போட்டா உங்கட கத்தரி உங்களை அம்மா எண்டு கூப்பிடும், தங்கச்சி."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்தாள். விமலாம்பிகை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"கூப்பிட்டா நல்லதுதானே மேரியக்கா. ஆரெண்டாலும் கூப்பிடட்டும்."

வேலிக்கு அப்பால் பரிமளத்தின் குரல் வந்தது. "மேரியக்காவோ! கொழும்புக்குப் போனா ஆக்கள் அக்கா தங்கச்சி கூடிக்கொண்டுதான் வருவினம்."

"உனக்கென்னடி பொறாமை?" என்றாள் மேரிஜோசப்பின். "உன்னையும் அக்கா எண்டு கூப்பிடச் சொல்லட்டோ? உனக்கு வயசு காணும்."

"வாயைப் பார் வாயை. மீன் விக்கிற வாய்."

"வாயில்லாட்டி மீன் நாறிப்போகும், பரிமளம்."

இப்படிப் பேசிக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் ஒழுங்கு மாறியதில்லை. மேரிஜோசப்பின் அந்தக் கிணற்றில் தானாக அள்ளுவதில்லை. தன் அலுமினிய வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு நிற்பாள். வீட்டார் யாராவது துலா என்ற ஏற்றமரத்தை இழுத்து, வீட்டு வாளியால் அள்ளி, அவளுடைய வாளியில் ஊற்றிக் கொடுப்பார்கள். அது அந்தக் காலத்து நடப்பு. அதைச் சரியென்று சொல்லவும் நான் வரவில்லை.

ஆனி மாதம் நயினாதீவு அம்மன் தேர் வந்தது. ஒழுங்கை முழுவதும் விடியவே எழும்பி, புளிச்சாதம் கட்டிக்கொண்டு, படகேறும் குறிகட்டுவான் துறைக்குப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டது. விதானையார் பட்டு வேட்டியும் சால்வையுமாய்ப் போனார். கைலாசபதி போனார். பரிமளம் தன் வீட்டுக் கோழிகளைத் தவிர எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனாள். விமலாம்பிகைக்கு அன்று மாதத் துடக்கு. கோயிலுக்குப் போக ஏலாது. வீட்டில் ஒதுக்கான ஓர் அறையோடு இருக்க வேண்டும். கிணற்றையும் பயிரையும் தொடவே கூடாது.

அறையின் யன்னலால் தோட்டம் தெரிந்தது. சோளகக் காற்று ஊளையிட்டு வீசிக்கொண்டிருந்தது. முதல்நாள் தேருக்கான ஆயத்தத்தில் யாரும் பயிருக்குத் தண்ணீர் விடவில்லை. வெயில் ஏற ஏறக் கத்தரி இலைகள் துவண்டன. புடலங்கொடி வாடித் தொங்கியது. இன்னும் சில நாளில் மத்தியஸ்தர்கள் வருவார்கள். அவள் யன்னலை விட்டு எழும்பிப் போவாள், திரும்பி வருவாள்.

மேரிஜோசப்பின் வாளியோடு வந்து வாசல் படலையடியில் நின்றாள்.

"ஆரும் இல்லையோ தங்கச்சி?"

"எல்லாரும் தேருக்குப் போட்டினம். நானும் இண்டைக்கு அள்ளித் தர ஏலாது. வாளியை விட்டிட்டுப் போங்கோ. பின்னேரம் மாமாவை வந்தவுடனை நிரப்பி வைக்கச் சொல்லுறன்."

மேரிஜோசப்பின் வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு மீன் விற்கப் போனாள்.

விமலாம்பிகை மெசின் கொட்டில் கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரந்தான், வேர் நனைந்தால் போதும் என்று நினைத்தாள். தனியாகத் துலா இழுத்து அவ்வளவு பாத்திக்கும் ஊற்ற ஏலாது. மெசினை இழுத்து வந்து குழாயைக் கிணற்றுக்குள் விட்டாள். மெசின் தண்ணீர் பிடிப்பதற்கு முதலில் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். அதற்கு அள்ள வேண்டும். துலாக் கயிற்றில் கட்டியிருந்தது வீட்டு வாளி. சாமிக்கும் சமையலுக்கும் அள்ளும் வாளி. துடக்கோடு அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. கயிற்று முடிச்சை மட்டும் அவிழ்த்து அதைத் தடியால் தள்ளி வைத்துவிட்டு, மேரிஜோசப்பினின் வாளியைக் கயிற்றில் கட்டி அள்ளினாள்.

ஒரு கட்டை மீறும்போது இன்னொரு கட்டை அப்படிக் கவனமாய்க் காத்தாள்.

மெசின் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அவள் சேலையைத் தூக்கிச் செருகி, மண்வெட்டியால் பாத்திக்குப் பாத்தி வாய் வெட்டிவிட்டாள். காலடியில் குளிர்ந்த தண்ணீர் ஓடியது. கத்தரி தலை நிமிர்ந்தது. கொழும்பில் விட்டு வந்ததெல்லாம், பிறகு பார்த்த முகங்களெல்லாம் அந்த நேரம் அவளுக்கு நினைவில் இல்லை. அத்தனை சந்தோஷமாய் அவள் அந்த வளவில் இருந்ததில்லை. கடைசிப் பாத்தியிலும் தண்ணீர் முட்டி நின்றபோதுதான் மெசின் இருமத் தொடங்கியது. ஓடிப்போய் நிறுத்தினாள். எட்டிப் பார்த்தாள்.

கிணற்றின் அடி தெரிந்தது. சேறும், யாரோ முன்னொரு காலம் தவறவிட்ட செம்பும் தெரிந்தன. மூலையிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து வந்தது.

பயத்தில் மெசினை இழுத்துக் கொட்டிலுக்குள் தள்ளிச் சாக்கால் மூடினாள். அறைக்குள் போய்ப் பாயில் இருந்தாள். கயிற்றில் கட்டிய வாளியை மறந்துபோனாள்.

பொழுதுபட எல்லாரும் வந்தார்கள். கிணறு பாதிக்கு ஊறியிருந்தது. விதானையார் கால் கழுவப் போனவர் கிணற்றடியில் நெடுநேரம் நின்றார். தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து, விபூதியை எடுத்துக் கைலாசபதியிடம் கொடுத்து, "துடக்குக் கழியப் பிள்ளைக்கும் குடு" என்றார்.

விடிய, முதல்நாள் இருட்டில் அள்ளிய தண்ணீரில் தேநீர் வைத்த பரிமளம்தான் முதலில் கத்தினாள்.

"பால் திரைஞ்சுபோச்சு! தேத்தண்ணி வாயிலை வைக்க ஏலாது. கடல் தண்ணி மாதிரிக் கிடக்கு. கோதாரி, கிணத்துக்கு என்ன நடந்தது?"

ஒழுங்கை கிணற்றடியில் கூடியது. ஆளுக்கொரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பியது. துலாக் கயிற்றில் தொங்கிய வாளியைப் பரிமளம்தான் கண்டாள்.

"இஞ்ச பாருங்கோ. இது மேரியின்ர மீன் வாளியெல்லோ! ஆக்கள் இல்லாத நேரம் பாத்துக் கட்டி அள்ளியிருக்கிறாள். மீனும் உப்புத் தண்ணியும் கொண்டு திரியிற வாளி. கிணறு கெடாமல் என்ன செய்யும்?"

ஆளனுப்பி மேரிஜோசப்பினைக் கூப்பிட்டார்கள். மீன் கடகத்தை வேலியோடு வைத்துவிட்டு வந்தாள். விதானையார் விறாந்தையை விட்டு இறங்கவில்லை.

"உது உன்ர வாளிதானே?"

"ஓம் ஐயா. என்ரதான்."

"ஆர் கயித்திலை கட்டினது?"

மேரிஜோசப்பின் நிமிர்ந்து, யன்னலுக்குப் பின்னால் நின்ற விமலாம்பிகையைப் பார்த்தாள். காற்று ஊளையிட்டாலும் பனங்காணி மூலைக்கு மெசின் சத்தம் கேட்காமல் போகாது. வெயிலுக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் அதைக் கேட்டிருந்தாள்.

"கட்டினவைக்குத் தெரியும் ஐயா."

"அப்ப நீ கட்டேல்லை எண்டு சொல்லுறியோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"பாத்தியளே வாய்க் கொழுப்பை" என்றாள் பரிமளம்.

விதானையார் கையை உயர்த்தினார். "காணும். நீ இனிக் கிணத்தடிக்கு வரத் தேவையில்லை. தண்ணிக்கு வேறை இடம் பார்."

மேரிஜோசப்பின் இன்னும் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விமலாம்பிகைக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. மெசினைச் சொன்னால் துடக்கையும் சொல்ல வேண்டும். துடக்கோடு கிணற்றைத் தொட்டதால்தான் இப்படி ஆனதோ என்று அவளுக்கே ஒரு பயம். படித்த பெண்தான், அந்தப் பயத்துக்குப் படிப்பு உதவவில்லை. அவள் யன்னலை விட்டு விலகினாள். மேரிஜோசப்பின் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். யாரோ கயிற்றை அறுத்து வாளியை அலரியடியில் எறிந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு விதானையார் எழும்பிக் கொட்டிலடிக்குப் போனார். மெசின் கிடந்த கொட்டிலைப் பூட்டினார். அந்தக் கொட்டில் எந்தக் காலத்திலும் பூட்டப்பட்டதில்லை. திறப்பை வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டு, மருமகளைப் பாராமலே உள்ளே போனார்.

அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் விமலாம்பிகைக்கு விளங்கியது. முதல்நாள் கால் கழுவப் போனபோதே தெரிந்திருக்கிறது.

அன்று பின்னேரம் கைலாசபதி பஸ்ஸால் வந்து கரப்பந்துக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்புவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். கொட்டிலைப் பூட்டிப்போட்டார்."

"அப்ப அவர் யோசிச்சுத்தான் செய்திருப்பார். நீர் ஒண்டும் கதையாதையும், விமலா. போட்டி முடியட்டும். மழை வந்தா உவர் தானாப் போயிடும்."

"மேரியக்கா?"

"சாட்டியிலை நல்ல தண்ணிதானே. அவ எப்பிடியும் அங்கை போய் வாறவ." சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். "இண்டைக்குச் செமி பைனல்."

விதானையாருக்குச் சாட்டிப் பக்கம் நல்ல தண்ணீருள்ள தோட்டத்துக் கிணறு ஒன்றும் இருந்தது. கைலாசபதி காலையில் சைக்கிளில் போய்த் தண்ணீர்க் கானை நிரப்பிக் கொண்டுவந்தார். மற்ற வீட்டாரும் அங்கே போனார்கள். மேரிஜோசப்பின் அந்தக் கிணற்றுக்கும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கம் சாட்டிக்கு உல்லாசப் பயணம் போனது. உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி பாடிக்கொண்டு போனார்கள். கடலில் குளித்தார்கள். பிட்டும் மீன் பொரியலும் சாப்பிட்டார்கள். கதிரை சுற்றி ஓடி விளையாடியதில் பரிமளம் இடறி விழுந்து, விழுந்த இடத்திலேயே இருந்துகொண்டு, "கதிரை எனக்குத்தான், நான் இருந்திட்டன்" என்று வாதாடினாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். விமலாம்பிகையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உப்புக் கழுவத் தாழை மரங்களுக்குப் பின்னாலிருந்த பொதுக் கிணற்றுக்குப் போனாள். அங்கே மேரிஜோசப்பின் குடத்தை நிரப்பிக்கொண்டு நின்றாள்.

"என்ன தங்கச்சி, விளையாட்டு நல்லாப் போகுதோ? சிரிப்பு இஞ்ச மட்டும் கேக்குது."

விமலாம்பிகைக்குக் கண் கலங்கியது. "மேரியக்கா, நான் சொல்லத்தான் நினைச்சனான்."

"ஓம். நானும் நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான். மீன் பழுதாகிப்போகுமெண்டு தெரிஞ்சும் நிண்டனான்."

"நீங்கள் ஏன் சொல்லேல்லை? மெசின் சத்தம் கேட்டிருக்குமே."

"நான் சொல்லி ஆர் நம்புறது? விதானையார் வீட்டு மருமகள் மெசின் வைச்சவ எண்டு மீன்காரி சொல்லுறாளாம் எண்டு, பேந்து என்னைக் கொட்டிலையும் பிரிச்சுக்கொண்டு போகச் சொல்லுவினம்." குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "அதோடை, நீங்கள் என்னை அக்கா எண்டனீங்கள். உங்களை நான் எப்பிடிக் காட்டிக் குடுக்கிறது?"

"குடத்தைத் தாங்கோ, பாதித் தூரம் நான் கொண்டுவாறன்."

"வேண்டாம். அங்கை உங்களைத் தேடப்போகினம்."

அவள் மணலில் கால் புதையப் புதைய நடந்தாள். விமலாம்பிகை திரும்பிப் போனபோது அடுத்த விளையாட்டுத் தொடங்கியிருந்தது. அவளுக்கு ஒரு சோப்புப் பெட்டி பரிசு கிடைத்தது.

மத்தியஸ்தர்கள் வரும் நாளில் தோட்டம் தூரத்தில் பார்க்கப் பச்சையாய்த்தான் இருந்தது. கிட்டப் போனால் கத்தரி இலைகளின் ஓரம் நெருப்புப் பட்டதுபோலக் கருகியிருந்தது. உவர் தண்ணீரையே விட வேண்டியிருந்ததால் நாளுக்கு நாள் அது கூடியது. விமலாம்பிகை கருகிய இலைகளைக் கிள்ளவில்லை. கைலாசபதி கிள்ளச் சொன்னபோதும் கேட்கவில்லை.

மத்தியஸ்தர்களில் சிவயோகம் என்றொரு விவசாயப் போதனாசிரியை இருந்தார். மெலிந்த, அமைதியான பெண். பின்னால் மாதர் சங்கமும் ஒழுங்கையும் கூட்டமாய் வந்தன. விதானையார் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தாமே முன்னுக்கு நின்று காட்டினார்.

சிவயோகம் ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தார். "ஓரம் எரிஞ்சு கிடக்கு. தண்ணி உவரோ?"

"எங்கட வளவுக் கிணத்துத் தண்ணிதான்."

"மெசின் வைச்சு இறைச்சனீங்களோ? பாத்தி மண் படிஞ்சு இறுகிக் கிடக்கு, வெள்ளம் நிண்டமாதிரி."

"சித்திரைக்குப் பிறகு இந்தக் கிணத்திலை மெசின் வைக்கிறேல்லை. ஊருக்கே தெரியும்."

"கிணறு உவராப்போனது வேறை கதை" என்றாள் பரிமளம். "ஒருத்தி மீன் வாளி போட்டு..."

"இல்லை" என்றாள் விமலாம்பிகை.

எல்லாரும் திரும்பினார்கள். 

"மெசின் வைச்சது. நான்தான் வைச்சனான். தேரண்டைக்கு, ஒருத்தரும் இல்லாத நேரம். அடி தெரியுமட்டும் இறைச்சனான்."

"பிள்ளை, உள்ளை போ" என்றார் விதானையார்.

"அண்டைக்கு நான் துடக்கு. வீட்டு வாளியைத் தொடக் கூடாதெண்டு மேரியக்கான்ர வாளியைக் கட்டினதும் நான்தான். அவ கிணத்தைத் தொடவே இல்லை."

பரிமளம் வாயைக் கையால் பொத்தினாள். கைலாசபதி குனிந்து, அவிழாத செருப்பு வாரை இழுத்துப் பூட்டினார். படலைக்கு வெளியே, கூட்டத்துக்கு அப்பால், மீன் கடகத்தோடு மேரிஜோசப்பின் நின்றாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

விதானையாரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவர் பரிமளத்தைப் பார்த்தார்.

"கிணத்திலை ஒரு செம்பு அள்ளிக்கொண்டு வா."

அவள் கொண்டுவந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, அண்ணாந்து, ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. செம்பைத் திருப்பிக் கொடுத்தார். சால்வையால் வாயைத் துடைத்தார்.

"தண்ணியிலை ஒரு உவரும் இல்லை. என்ர பேரனார் குடிச்ச தண்ணி இது. வெயிலுக்கை நிண்டு நிண்டு பிள்ளைக்குத் தலைச்சுத்து. கண்டபடி கதைக்கிறா. அதைப் பெரிசுபடுத்தாதையுங்கோ."

ஒழுங்கை முழுவதற்கும் அந்தத் தண்ணீர் தெரியும். பால் திரைந்தவர்கள், பருப்பு அவியாதவர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு ஊர் கொடுத்த மரியாதை அப்படி. சிவயோகம் கையிலிருந்த இலையை மெல்லக் கீழே போட்டார்.

அப்போது படலையடியில் இருந்து குரல் வந்தது.

"அப்ப தண்ணி பழுதில்லையோ, விதானையார்?"

அவர் திரும்பினார். "இல்லை."

"பழுதில்லையெண்டா, நான் பழுதாக்கவும் இல்லைத்தானே?"

அவர் சால்வையை இழுத்துத் தோளில் போட்டார்.

"நானும் வந்து அள்ளலாமோ?"

அவர் தன்னுடைய சொல்லுக்குள்ளேயே நின்றார். இல்லையென்றால் தண்ணீர் உவர். தண்ணீர் உவரென்றால் மருமகள் சொன்னது உண்மை.

"அள்ளு" என்றார்.

மேரிஜோசப்பின் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அலரியடியில் கிடந்த தன் வாளியை எடுத்துத் தட்டினாள். துலாக் கயிற்றில் கட்டியிருந்த வீட்டு வாளியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் வாளியைக் கட்டினாள். யாரும் ஊற்றிக் கொடுக்கக் காத்திருக்கவில்லை. துலாவை இழுத்து அள்ளி, கையில் ஏந்திக் குடித்தாள். துப்பவில்லை. விழுங்கினாள்.

"ஓம். விதானையார் குடிச்ச தண்ணிதான்."

மிச்சத்தைக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றினாள். வாளியைக் கழற்றித் துலாவைத் தாங்கும் ஆடுகால் மரத்தில் கொளுவித் தொங்கவிட்டாள். "இது இஞ்சையே கிடக்கட்டும். அவசரத்துக்கு ஆருக்கும் உதவும்" என்று சொல்லிவிட்டுக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

போட்டியில் முதற்பரிசு பக்கத்து ஊரான சுருவிலுக்குப் போனது. பங்குபற்றியவர்களுக்கு ஆளுக்கொரு பூவாளி கொடுத்தார்கள். விமலாம்பிகை அதைக் கொண்டுவந்து பூட்டிய கொட்டிலின் வெளி மூலையில் கவிழ்த்து வைத்தாள். கத்தரிகள் ஆடி முடியுமுன் செத்தன. புடலங்கொடியை அவள் தானே பிடுங்கினாள்.

மத்தியஸ்தர்கள் வந்துபோன அடுத்த நாளே அவள் பனங்காணிக்குப் போயிருந்தாள். மேரிஜோசப்பின் கொட்டிலுக்குள் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கை போறியள்?"

"மண்டைதீவுக்கு. மகள் கிறேஸ் வரச்சொல்லிக் கனநாள். அங்கையும் கடல்தானே."

"நான் சொல்லிப்போட்டன், மேரியக்கா. எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டன்."

"ஓம். கேட்டனான்." கடகத்துக்குக் கயிறு போட்டு இறுக்கினாள். "நீங்கள் சொன்னீங்கள். அவர் குடிச்சிட்டார். அதோடை சரி. கொஞ்சம் முந்திச் சொல்லியிருந்தா, நான் இருந்திருப்பன், தங்கச்சி."

விமலாம்பிகை முடிச்சை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தாள். மேரிஜோசப்பின் மறுமுனையை இழுத்துக் கட்டினாள். 

எல்லார் முன்னாலும் குடித்த நாளிலிருந்து விதானையார் சாட்டித் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை. அந்த முதல் நாளே கைலாசபதி கொண்டுவந்த தண்ணீரை விமலாம்பிகை செம்பில் வார்த்துக் கதிரைக் கையில் வைத்தாள். அவர் தொட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு வீட்டுக் கிணத்துத் தண்ணி."

"மாமா..."

"அதிலை என்ன பழுது?"

அவள் அந்தச் செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஆடி போய் ஆவணி வந்தது, புரட்டாதி வந்தது. அவர் வேறு தண்ணீர் குடிக்கவில்லை. கால் வீங்கியது. பரியாரியார் வந்து பார்த்து உப்பைக் குறைக்கச் சொன்னார். கறிக்கு உப்பைக் குறைத்தார்கள். செம்பைப் பற்றிப் பரியாரியாருக்கு யாரும் சொல்லவில்லை. கைலாசபதி ஒருநாள், "அப்பு, இது பிடிவாதம்" என்றபோது, "நான் சொன்னது சொன்னதுதான்" என்று மட்டும் சொன்னார். விடிய விடிய அந்த உவர் தண்ணீரைத் தன் கையால் வார்த்து அவருக்குக் கொடுப்பது விமலாம்பிகையின் வேலை. அவர் வாங்குவார். குடிப்பார். வெறும் செம்பை அவளிடமே நீட்டுவார். ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. கார்த்திகையிலும் விடாமல் பெய்தது. வாய்க்கால் நிரம்பி, பனங்காணி வெள்ளமாகி, மேரிஜோசப்பினின் கொட்டில் கூரை ஒரு பக்கம் சரிந்தது. கிணறு விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரைக்கும் ஏறி நின்றது.

மழை விட்ட ஒரு காலை, விமலாம்பிகை செம்போடு கிணற்றடிக்குப் போனபோது மாமனார் அங்கே நின்றார். வீங்கிய காலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். வீட்டு வாளி கயிற்றிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கயிற்றில் மேரிஜோசப்பினின் வாளி. அவர் அள்ளியிருந்தார். கிணற்றுக் கட்டில் வாளியை வைத்து, குனிந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். திரும்பவும் ஏந்திக் குடித்தார்.

மருமகள் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. பனங்காணிப் பக்கம், சரிந்த கூரையைப் பார்த்தபடி, யாரோ அங்கே நின்று கேட்பதுபோலச் சொன்னார்.

"உவர் விட்டிட்டுது."

 பிறகு வாளியைக் கழற்றி, அலசி, மேரிஜோசப்பின் கொளுவிவிட்டுப் போன ஆடுகாலிலேயே கொளுவினார்.